எக்கோ எடுத்தாயிற்று, இன்னும் எதற்கு ஸ்கேன்? செயற்கை இதய வால்வின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிகள்

வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் எக்கோ ரிப்போர்ட்டில் சில சமயம் இப்படி ஒரு வரி வரும்: "செயற்கை மைட்ரல் வால்வு. சராசரி கிரேடியன்ட் 11. தகடுகளின் அசைவு தெளிவாகத் தெரியவில்லை. டீ.இ.இ. அல்லது ஃப்ளூரோஸ்கோப்பி செய்து பார்க்கவும்." டீ.இ.இ. என்பது உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ, ஃப்ளூரோஸ்கோப்பி என்பது ஓடும் எக்ஸ்ரே. அப்புறம் ஒரு சி.டி.யும் எழுதித் தருவார்கள். வீட்டில் உடனே கேள்வி எழும்: எக்கோவில் தெரியாதது அப்படி என்ன இருக்கிறது? வால்வு கெட்டுவிட்டதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லக் கூடாதா?

சொல்ல முடிவதில்லை. அந்த 11 ஒரு கேள்விதான், விடை அல்ல. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மாட்டியிருப்பது எந்த வகை வால்வு?

இதயத்தில் நான்கு வால்வுகள். மாற்றப்படுபவை பெரும்பாலும் இரண்டுதான். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல். கீழறையிலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக். நம் நாட்டில் சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போகும் வால்வுகளில் மைட்ரலுக்கே முதலிடம்.

மாட்டப்படும் செயற்கை வால்வில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று உலோக வால்வு. 1960-இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவல் எட்வர்ட்ஸும் கொண்டுவந்தது, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வகை. அதன்பின் ஒற்றைத் தட்டு சாய்ந்து திறக்கும் வகை வந்தது. 1977-இல் செயின்ட் ஜூட் நிறுவனத்தின் இரட்டைத் தகடு வால்வு வந்தது. இன்று உலகெங்கும் அதிகம் பொருத்தப்படும் உலோக வால்வுகள் இந்த இரட்டைத் தகடு வடிவத்தில்தான் இருக்கின்றன. உலோக வால்வு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும் என்பதால் ஆயுள் முழுக்க ரத்தம் இளக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளும், ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் தொடரும்.

இன்னொன்று திசு வால்வு. பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்வது. பெரும்பாலும் ரத்தம் இளக்கும் மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படாது. ஆனால் வருடங்கள் போகப்போகச் சுண்ணாம்பு படிந்து இறுகும், அல்லது கிழியும். 2002-இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே தொடங்கிவைத்த டாவி முறையில், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய் வைப்பதும் திசு வால்வுதான்.

எக்கோ எதை அளக்கிறது?

எக்கோ என்பது ஒலியலைகளை அனுப்பி இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை. அதில் வால்வையே நேரில் பார்த்துவிடுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செயற்கை வால்வைப் பொறுத்தவரை எக்கோவின் உண்மையான பலம் வேறு. அது ரத்தத்தின் வேகத்தை அளக்கிறது. வேகத்திலிருந்து வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் கணக்குப் போடுகிறது. இந்த வித்தியாசத்துக்குத்தான் கிரேடியன்ட் என்று பெயர்.

கணக்கு எளிது: வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, நான்கால் பெருக்க வேண்டும். நொடிக்கு 2 மீட்டர் என்றால் 16 மில்லிமீட்டர் பாதரசம். 3 மீட்டர் என்றால் 36. 4 மீட்டர் என்றால் 64. வேகம் இரண்டு மடங்கானால் கிரேடியன்ட் நான்கு மடங்காகிறது. அதனால் வேகத்தை அளப்பதில் வரும் சின்னப் பிழையும் கடைசி எண்ணில் பெரிதாகத் தெரியும். ஒலிக்கற்றை ரத்தம் பாயும் திசையோடு நேர்கோட்டில் இல்லாவிட்டால் வேகம் குறைவாகவே பதிவாகும். அனுபவமுள்ள ஒருவர் மூன்று நான்கு இடங்களில் கருவியை வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, திரும்பத் திரும்ப அளப்பது இதற்காகத்தான்.

சரி, வேகம் கூடியிருக்கிறது. அடைப்பு என்று சொல்லிவிடலாமா? ஆற்றுப் பாலத்தின் கண்களில் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தால் ஒரு கண்ணை ஆகாயத்தாமரை அடைத்திருக்கலாம். ஆற்றில் வெள்ளமே கூடியிருக்கவும் கூடும். வேகத்தை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. இதயத்திலும் இதே சிக்கல். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகைப்பு, கர்ப்பம் என்று எதிலும் ரத்த ஓட்டம் கூடும். வால்வு நன்றாக இருந்தாலும் கிரேடியன்ட் ஏறும். மைட்ரல் வால்வின் கிரேடியன்ட் இதயத்துடிப்பின் வேகத்தையும் நம்பியிருக்கிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பில் 5 காட்டும் வால்வு, 120 துடிப்பில் 10-ஐத் தொட்டால் ஆச்சரியமில்லை. மைட்ரல் கிரேடியன்ட்டைப் போட்டுவிட்டு அப்போதைய இதயத்துடிப்பை எழுதாத ரிப்போர்ட், என்னைக் கேட்டால், பாதி ரிப்போர்ட்தான்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க ஒரு விகிதம் பார்க்கிறார்கள். அயோர்ட்டிக் வால்வுக்குச் சற்று முன்னால் ரத்தம் போகும் வேகத்தை, வால்வுக்குள் போகும் வேகத்தால் வகுப்பது. ஓட்டமே கூடியிருந்தால் இரண்டும் சேர்ந்து கூடும், விகிதம் மாறாது. வால்வு அடைத்திருந்தால் உள்ளே போகும் வேகம் மட்டும் எகிறும், விகிதம் சரியும். 0.30-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 0.25-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும்.

பொதுவான எல்லைகளும் உண்டு. அயோர்ட்டிக் செயற்கை வால்வில் உச்ச வேகம் நொடிக்கு 3 மீட்டருக்குள் இருப்பது வழக்கம். 4-ஐத் தாண்டினாலோ சராசரி கிரேடியன்ட் 35-ஐத் தாண்டினாலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். மைட்ரலில் சராசரி கிரேடியன்ட் 5 வரை இயல்பு, 10-க்கு மேல் சந்தேகம். நடுவில் விழுகிற எண்கள்தான் தலைவலி. அங்கே உதவுவது ஒன்றே ஒன்று: அதே நபருக்கு, அதே வால்வுக்கு, அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் எடுத்த எக்கோ. 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் இதை எடுத்துவிட வேண்டும் என்கின்றன அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதல்கள். அதற்கு முன்னால் எடுத்தால் ரத்தசோகையும் படபடப்பும் காயமும் கணக்கைக் கெடுக்கும். அன்று 9 இருந்து இன்று 11 என்றால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அன்று 4 இருந்து இன்று 11 என்றால் கதையே வேறு.

எண் கூடியதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்?

1. ரத்த ஓட்டம் கூடியது. மேலே சொன்னதுதான், வால்வில் குறையில்லை.

2. வால்வு ஆளுக்குச் சிறியது. பெரிய உடம்புக்கு 19 மில்லிமீட்டர் வால்வுதான் வைக்க முடிந்தது என்றால், முதல் நாளிலிருந்தே கிரேடியன்ட் அதிகமாக இருக்கும். 1978-இல் ரஹிம்தூலா என்ற இதய மருத்துவர் எடுத்துச் சொன்ன பிரச்சினை இது. பழைய எக்கோவிலும் அதே எண் இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

3. அளவையின் மாயை. இரட்டைத் தகடு வால்வில் ரத்தம் போக மூன்று வழிகள். நடுவில் இருக்கும் ஒடுங்கிய வழியில் வேகம் அதிகம். எக்கோ அந்த அதிவேகத்தைப் பிடித்துக்கொள்வதால், உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலான கிரேடியன்ட் காட்டக்கூடும்.

4. ரத்தக்கட்டி. தகட்டில் ஒட்டி அதன் அசைவைத் தடுக்கும்.

5. பேனஸ். உடம்பின் சொந்தத் திசு வால்வின் வளையத்திலிருந்து மெல்ல மெல்ல உள்நோக்கி வளர்வது.

6. திசு வால்வு என்றால் சுண்ணாம்பு படிந்து இறுகுவது.

முதல் மூன்றுக்குப் பெரும்பாலும் வால்வில் கைவைக்கத் தேவையில்லை. நான்காவது அவசர நிலை. ஐந்தாவதுக்கு மருந்து பலிக்காது. ஆறு காரணங்களுக்கும் எக்கோ ரிப்போர்ட்டில் ஒரே எண் வரக்கூடும். அடுத்த ஸ்கேன்கள் எதற்கு என்பதற்கு இதுதான் பதில்.

நெஞ்சில் வைத்துப் பார்த்தால் ஏன் தெரியவில்லை? டீ.இ.இ. எதற்கு?

உலோகத்தில் மோதும் ஒலியலை திரும்பிவிடுகிறது. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நிழலில் மறைகிறது. நெஞ்சின் முன்பக்கமிருந்து பார்க்கும்போது மைட்ரல் வால்வுக்குப் பின்னால் இருப்பது இடது மேலறை. கட்டி வளரும் இடமும் கசிவு பாயும் இடமும் அதே மேலறைதான். ஆக, எது முக்கியமோ அதுவே நிழலுக்குள்.

இடது மேலறைக்கு நேர் பின்னால் ஒட்டினாற்போல் போவது உணவுக்குழாய். தொண்டை வழியாகக் கருவியை இறக்கி அங்கிருந்து பார்த்தால் நிழல் மறுபக்கம் விழுகிறது, மேலறை பளிச்சென்று தெரிகிறது. இதுதான் டீ.இ.இ. தொண்டையை மரத்துப்போகச் செய்து, லேசான மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டும். அயோர்ட்டிக் வால்வில் மட்டும் டீ.இ.இ.க்கும் ஒரு குறை உண்டு: வால்வின் முன்பகுதி நிழலில் போய்விடும். அங்கே சாதா எக்கோவும் டீ.இ.இ.யும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

பழைய எக்ஸ்ரேயின் பெருமை

உலோக வால்வின் தகடு திறந்து மூடுகிறதா என்று பார்க்க மிக எளிய வழி ஃப்ளூரோஸ்கோப்பி, அதாவது ஓடும் எக்ஸ்ரே. கேத் லேப் (ஆஞ்சியோகிராம் எடுக்கும் அறை) மேசையில் படுக்கவைத்து, தகடுகள் பக்கவாட்டில் கோடுகளாகத் தெரியும்படி கருவியைத் திருப்பி, சில நொடிகள் பதிவுசெய்தால் போதும். ஊசி இல்லை, சாயமருந்து இல்லை. இரண்டு கோடுகளும் ஒரே சீராக விரிந்து மூட வேண்டும். ஒன்று அசைய, மற்றொன்று பாதியில் நின்றால் அதற்கு மேல் சந்தேகமே இல்லை. செலவும் குறைவு. ஆனாலும் இப்போது இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது வருத்தம்தான்.

ஆனால் இந்தியாவில் இங்கே ஒரு முக்கியமான சிக்கல் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது சித்ரா வால்வு. டி.டி.கே. நிறுவனம் தயாரித்து, ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. விலை குறைந்த, நன்றாக உழைக்கும் ஒற்றைத் தட்டு வால்வு. அதன் சட்டகம் கோபால்ட் கலந்த உலோகம். தட்டு ஒரு வகை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் விழாது. ஃப்ளூரோஸ்கோப்பியில் வளையம் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், தட்டு இருப்பதே தெரியாது. வால்வு எது என்று தெரியாமல் நோயாளியைக் கேத் லேப்புக்கு அனுப்பினால் அலைச்சல்தான் மிச்சம். டிஸ்சார்ஜ் ஆகும்போது தரும் வால்வு அட்டையில் வால்வின் பெயர், அளவு, எண் மூன்றும் இருக்கும். அது படப் பரிசோதனைக்கும் தேவைப்படும் ஆவணம்.

எக்ஸ்ரேயால் வால்வையே சோதித்த ஒரு காலமும் இருந்தது. 1979 முதல் 1986 வரை விற்கப்பட்ட ஒரு வகை பியோர்க்-ஷைலி வால்வில், தட்டைப் பிடித்திருக்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் முறிந்து தட்டு கழன்று ஓடியது. சுமார் 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கம்பியின் இரு கால்களில் ஒன்று மட்டும் முறிந்த நிலையிலேயே கண்டுபிடிக்க, நுணுக்கமான எக்ஸ்ரே படங்களை மருத்துவர்கள் அலசினார்கள். சித்ரா வால்வின் சட்டகம் பற்றவைப்பே இல்லாமல் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கப்படுவதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

கட்டியா, பேனஸா? சி.டி. சொல்வது

தகடு அசையவில்லை என்று தெரிந்துவிட்டது. இனி, எது தடுக்கிறது? சிகிச்சையே இந்த ஒரு கேள்வியில்தான் பிரிகிறது. ரத்தக்கட்டி என்றால் கரைக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். பேனஸ் என்றால் அந்த மருந்தால் பயனில்லை; ரத்தக்கசிவு, பக்கவாதம் என்ற ஆபத்து மட்டும் மிஞ்சும். அறுவை சிகிச்சைதான் வழி.

முதல் துப்பு நோயாளியின் கதையிலேயே இருக்கிறது. மாத்திரை விட்டுப்போயிருக்கிறது, ஐ.என்.ஆர். குறைந்திருக்கிறது, சில நாட்களில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, அதுவும் மைட்ரல் வால்வு என்றால் கட்டியின் பக்கம் சாயலாம். ஐ.என்.ஆர். ஒழுங்காக இருந்து, வருடக்கணக்கில் கிரேடியன்ட் படிப்படியாக ஏறி, அயோர்ட்டிக் வால்வாகவும் இருந்தால் பேனஸ் பக்கம். டீ.இ.இ.யில் கட்டி பெரிதாக, மென்மையாக, சில சமயம் ஆடிக்கொண்டு தெரியும். பேனஸ் சிறிதாக, அடர்த்தியாக, வளையத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். உணவுக்குழாயிலிருந்து அது பிடிபடாமலும் போகலாம்.

இங்கேதான் ஈ.சி.ஜி.யோடு இணைத்து எடுக்கும் இதய சி.டி. கைகொடுக்கிறது. ஒரு துடிப்பின் எல்லாக் கட்டங்களிலும் படம் எடுத்து ஓடவிட்டால் தகடு எவ்வளவு திறக்கிறது என்று கோணத்தையே அளந்துவிடலாம். அதோடு, அந்தத் திசுவின் அடர்த்தியையும் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அலகில் எண்ணாகச் சொல்லும். துருக்கியில் நடந்த ஓர் ஆய்வில் 145-க்கு மேல் இருந்தவை பெரும்பாலும் பேனஸ். 90-க்குக் கீழே இருந்த கட்டிகள் மருந்துக்கு நன்றாகக் கரைந்தன. இதை எழுதிவைத்த சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கட்டி இறுகியிருக்கும், பேனஸ் மேலேயே கட்டி படிந்தும் இருக்கும், உலோகம் படத்தில் கீற்று விழவைக்கும்.

சாயமருந்து போடுவதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று முன்பே பார்ப்பார்கள். கரைக்கும் மருந்து தொடங்கும் முன் டீ.இ.இ.யில் கட்டியின் பரப்பையும் அளப்பது வழக்கம். 0.8 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் துண்டு பெயர்ந்து மூளைக்குப் போகும் ஆபத்து கூடுகிறது என்பதால், அறுவை சிகிச்சைக்குத் தாங்குகிற நோயாளி என்றால் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

கிருமித்தொற்று என்ற தனி வழக்கு

வால்வு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் வால்வில் தொற்றா என்ற கேள்வி முதலில் வர வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவது எந்த ஸ்கேனையும்விட முக்கியம். அப்புறம் டீ.இ.இ. அதில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால் 5 முதல் 7 நாள் கழித்து மறுபடி செய்யச் சொல்கிறார்கள். முதல் முறை தெரியாத சீழ்ப்பை அதற்குள் தெரிய ஆரம்பிக்கலாம்.

அதிலும் பிடிபடாவிட்டால் பெட்-சி.டி. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் செலுத்தினால், அழற்சி உள்ள இடம் அதை அள்ளிக்கொண்டு ஒளிரும். இதில் ஒரு தொந்தரவு: ஆரோக்கியமான இதயத்தசையும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க முந்தின நாள் சோறு, இட்லி, பழம், சர்க்கரை எதுவும் கூடாது; முட்டை, மீன், இறைச்சி, பனீர் என்று கொழுப்பும் புரதமும்தான். பிறகு நீண்ட பட்டினி. வரும் வழியில் குடித்த ஒரு காபியின் சர்க்கரை போதும், படத்தைக் கெடுக்க. அறுவை சிகிச்சை முடிந்து 3 மாதத்துக்குள் எடுத்தால் ஆறிவரும் காயமே ஒளிரக்கூடும் என்பதால், அப்போது வரும் படத்துக்கு மதிப்புக் குறைத்தே பார்க்கிறார்கள்.

ஓரத்தில் கசிவு

தையல் வளையத்துக்கும் இதயத் திசுவுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் ரத்தம் பின்னோக்கிக் கசியும். கசிவு சிறிதாக இருந்தாலும் சிவப்பணுக்கள் அந்த இடுக்கில் உடைந்து ரத்தசோகை வரலாம், சிறுநீர் கருமையாகப் போகலாம். முப்பரிமாண டீ.இ.இ. இங்கே ராஜா. அறுவை சிகிச்சை நிபுணர் மேலறையைத் திறந்து பார்ப்பது போன்ற கோணத்தில் வால்வைக் காட்டும். பெருந்தமனி இருக்கும் பக்கத்தை 12 மணி என்று வைத்துக்கொண்டு, கசிவு 7 மணியிலா 10 மணியிலா என்று கடிகார முள் கணக்கில் சொல்வார்கள். நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக அடைப்பான் வைக்க இந்த முகவரி அவசியம்.

எக்கோ நன்றாக இருந்தும் சி.டி.யில் தடிப்பு

டாவி வந்தபின் முளைத்த புதிர் இது. 2015 வாக்கில், எந்தத் தொந்தரவும் இல்லாத, எக்கோவிலும் குறையில்லாத சிலருக்குச் சி.டி. எடுத்தபோது திசு வால்வின் இதழ்களில் மெல்லிய தடிப்பும் அசைவுக் குறைவும் தெரிந்தன. உறைந்த ரத்தத்தின் மெல்லிய படலம் என்றுதான் கருதுகிறார்கள். அறுவை சிகிச்சையில் வைத்த திசு வால்விலும் இது உண்டு. சிலருக்குத் தானாகவே மறைகிறது, சிலருக்குப் புதிதாக வருகிறது. ரத்தம் இளக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குறைகிறது, ஆனால் முதியவர்களுக்கு அந்த மருந்தே ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். அதனால் எல்லோருக்கும் வழக்கமாகச் சி.டி. எடு என்று யாரும் சொல்லவில்லை. கிரேடியன்ட் ஏறினாலோ அறிகுறி வந்தாலோ எடுக்கிறார்கள். படத்தில் தெரிவதெல்லாம் நோயா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எடுக்கலாம். இன்று புழக்கத்தில் உள்ள அநேகமாக எல்லாச் செயற்கை வால்வுகளும் எம்.ஆர்.ஐ.க்குப் பாதுகாப்பானவை, காந்தம் வால்வைப் பிடுங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் வால்வு அட்டையைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். வால்வைப் பார்க்க மட்டும் அது அவ்வளவு உதவாது, உலோகம் இருக்கும் இடம் கறுப்புப் பொட்டாகிவிடும். கசிந்து திரும்பும் ரத்தத்தின் அளவைக் கணக்கிட மட்டும் சில சமயம் பயன்படும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது?

கிரேடியன்ட் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் பழைய ரிப்போர்ட்டைத் தேடியெடுத்து ஒப்பிட நேரம் இருக்கிறது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நேரம் கிடையாது. அன்றைக்கே எக்கோ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1. உலோக வால்வின் "டிக் டிக்" சத்தம் மங்கிவிட்டது, அல்லது கேட்கவே இல்லை. இரவில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கிற சத்தம் அது. மாற்றம் முதலில் அவருக்குத்தான் தெரியவரும்.

2. சில நாட்களுக்குள் மூச்சுத்திணறல் ஏறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

3. ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும்.

4. மாத்திரை சில நாள் விட்டுப்போய், கூடவே மேலே சொன்னதில் ஏதாவது.

5. கர்ப்பிணிக்குப் புதிதாக மூச்சுத்திணறல். ரத்தம் உறையும் தன்மை கர்ப்பத்தில் இயல்பாகவே கூடுகிறது. மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றும் நாட்களில் வால்வில் கட்டி சேரும் ஆபத்து இன்னும் அதிகம். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. எக்கோவிலும் டீ.இ.இ.யிலும் கதிர்வீச்சு இல்லை, எந்த மாதத்திலும் செய்யலாம்.